வெறும் வயிறு

விசாரணைக்கு வருகிறவர்களை உட்கார வைக்க இதைவிடத் தோதான பெஞ்சு திருநெல்வேலிச் சீமையில் கிடைக்காது. ஒரு கால் குட்டை. இந்தப் பக்கம் சாய்ந்தால் டொக், அந்தப் பக்கம் சாய்ந்தால் டொக். டாக்டர் ஹெப்சிபா அசையாமல் இருந்து பார்த்தாள், மூச்சு விட்டாலே டொக் என்றது. சரி போ, ஆடுகிற பெஞ்சுக்கும் ஒரு ஸ்தோத்திரம், நிற்க வைக்காமல் உட்கார வைத்தார்களே. அம்மா பழக்கிவிட்ட பழக்கம் இது. பயம் வந்தா பயத்தைப் பாக்காத, எண்ணு, ஆண்டவர் செஞ்ச நன்மைய ஒண்ணொண்ணா எண்ணு, எண்ணி முடிக்கறதுக்குள்ள பயம் சலிச்சுப்போயி எந்திரிச்சுப் போயிரும் என்பாள். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் போகும்போது எண்ணினாள், மருத்துவக் கல்லூரியில் முதல் பிணத்துக்கு முன்னால் கத்தியோடு நின்றபோது எண்ணினாள், இன்றைக்கு எண்ணாமல் என்றைக்கு எண்ணுவது? மேலே காற்றாடி சுற்றுகிறது, ஸ்தோத்திரம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், ஸ்தோத்திரம். காலையில் அம்மா தந்த காப்பி, அதற்குத் தனியாகவே ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை, அம்மாவுக்கு உபவாச ஜெபம், மத்தியானம் கோயில் மணி அடிக்கிறவரை ஒன்றும் வாயில் படாது. இந்த வாரம் நீயும் இரு ஏட்டி, ரெண்டு பேருமா மன்றாடுவோம் என்று நேற்றே சொல்லிவிட்டாள். சொன்னவளேதான் விடிந்ததும் அடுப்பில் பாலை வைத்தாள். 'நாலு பெரிய மனுசன் முன்னால பேசப் போறவ, தொண்டை காஞ்சிரும், குடி.' அம்மாவுக்கு மட்டும் பால் ஊற்றாத கடுங்காப்பி, அது இல்லாவிட்டால் மண்டை இடிக்கும், அது ஆண்டவருக்கும் தெரிந்த விஷயம். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு மகளின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்பது வயது மகள், தலையில் நரை, அந்தக் கையின் சூடு இன்னும் உச்சியில் இருக்கிறது.

எதிரே மூடிய கதவு. உள்ளே மூன்று பேர், மூன்று பேருமே டாக்டர்கள், அறுவை செய்த சர்ஜனை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தது இவள். இவள் மயக்க ஊசி டாக்டர். சொந்தமாக ஆஸ்பத்திரி கிடையாது, கூப்பிட்ட இடத்துக்கு ஸ்கூட்டரில் போய் மயக்கம் கொடுத்து, எழுப்பி, எழுந்தவர் வாயால் தன் பெயரைச் சொல்லக் கேட்டுவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். எத்தனை பேரைத் தூங்க வைத்திருப்பாள், எத்தனை பேரை எழுப்பியிருப்பாள், ஒருவர் முகமும் நினைவில்லை, அவர்களுக்கும் இவள் முகம் நினைவிருக்காது. கல்யாண வீட்டில் பார்த்தால் சர்ஜனுக்கு எழுந்து நிற்பார்கள், இவளிடம் நீங்க யாரு என்பார்கள். அதுகூட நல்லதுதான் என்று நினைத்திருந்தாள். இப்போது ஊருக்கே தெரியும். பேப்பரில் வந்தது, மயக்க ஊசியால் பால்வாடி டீச்சர் உயிருக்குப் போராட்டம். பெயர் போடவில்லை, ஆனால் போன் நின்றுவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்தும் அழைப்பு இல்லை. உள்ளே இருக்கிற மூன்று பேரும் தலையை ஆட்டினால் இனி கூப்பிட்டாலும் போக முடியாது, பதிவை நிறுத்தி வைத்துவிடுவார்கள், ஒரு வருஷமோ என்னமோ. ஊசியைத் தொடக்கூடாது. தொடாமல் என்ன செய்வாள்? அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஒரு மனுஷியின் தாடையைத் தூக்கிப் பிடித்து, பையை அமுக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பது. அந்த ஏறி இறங்குதலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று, இவ்வளவு வருஷமாகியும், சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டும். அதை எந்த விசாரணையில் சொல்வது.

அன்றைக்கு என்று நினைத்தாலே முதலில் வருவது வாசனைதான். ஏலக்காய். ஏலக்காய் தட்டிப்போட்ட பால், அதில் கனிந்த வாழைப்பழம். ஆபரேஷன் தியேட்டரில் வரக்கூடாத வாசனை, திருவிழாவில், கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குக் கொடுக்கும்போது வருகிற வாசனை. இன்றைக்கும் பழக்கடைப் பக்கம் போனால் ஹெப்சிபாவின் கை தானாக, தொண்டையில் அடைத்ததை இழுத்தெடுக்கிற தியேட்டர் உறிஞ்சுகுழாயைத் தேடுகிறது. அந்தப் பால்வாடி டீச்சரின் பெயர் செந்தில்வடிவு. என்ன பெயர்! பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், வயிற்றில் நாலு ஓட்டை போட்டு எடுத்துவிடலாம். சஷ்டியாப் பாத்து வச்சிருக்கேன் டாக்டரம்மா, முருகனுக்கு உகந்த நாள்ல எடுத்த கல்லு மறுபடி முளைக்காது என்று மேசையில் படுத்துக்கொண்டே சிரித்தாள். காலையில் நேராக வீட்டிலிருந்து வந்திருந்தாள், தலைக்குக் குளித்த ஈரம், நெற்றியில் விபூதி. தொப்பிக்குள் முடியைத் திணித்தபடி ஹெப்சிபா கேட்டாள், சாப்பிட்டீங்களாம்மா? ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. வாய் கேட்கும், கை மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும். இல்ல டாக்டரம்மா, இன்னைக்குச் சஷ்டில்லா, விரதம். அவ்வளவுதான். அதைக் கேட்டதும் ஹெப்சிபாவின் மனசு லேசானதுகூட அவளுக்கு நினைவிருக்கிறது. சில பேர் ஒரு இட்லியை முழுங்கிவிட்டு இல்லை என்று சாதிப்பார்கள், இவள் விரதக்காரி, சந்தேகமே வேண்டாம், வெறும் வயிறு. அவள் சொன்னது விரதம். இவள் காதில் விழுந்தது உபவாசம். பக்கத்தில் நின்ற தியேட்டர் சிஸ்டர் ஜைத்தூன் பின்னால் சொன்னாளே, 'நான் நம்ம நோன்பு மாதிரின்னுல்லா நெனச்சேன் டாக்டர், எச்சிகூட முழுங்காம வந்திருக்கா பாவம்னு நெனச்சேன்.' ஒரு பெண் ஒரு வார்த்தை சொன்னாள், ரெண்டு பெண்கள் அவரவர் வீட்டு வார்த்தையைக் கேட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் ஊசியில் வெள்ளை மயக்க மருந்து, மூடிய கண், தளர்ந்த தாடை. மூச்சுக்குக் குழாய் போட வாயைத் திறந்து விளக்கை உள்ளே விட்டால், தொண்டை தெரியவில்லை. வெளுப்பும் மஞ்சளுமாகப் பொங்கிக்கொண்டு வருகிறது. ஏலக்காய் வாசனை முகத்தில் அடித்தது. மானிட்டரின் பீப் சத்தம் இருக்கிறதே, ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய அதன் சுருதி இறங்கும், பார்க்கவே வேண்டாம், காதே சொல்லிவிடும். இறங்கியது. இறங்கி இறங்கி, கிணற்றுக்குள் யாரோ பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. கர்த்தாவே என்று ஹெப்சிபா வாய்விட்டுக் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கத்துவதற்கு முன்னாலேயே ஜைத்தூன் மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்திவிட்டாள், உறிஞ்சுகுழாயைக் கையில் வைத்துவிட்டாள். அந்த உறிஞ்சு மோட்டார் ஒரு மாதமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது, தட்டினால்தான் ஓடும், அன்றைக்குத் தட்டாமலே ஓடியது. அதற்கு எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் தகும். உறிஞ்சினாள், குழாயைப் போட்டாள், மறுபடி உறிஞ்சினாள். பழத்தின் சின்னச் சின்னத் துணுக்குகள். அமுக்கினாள், நெஞ்சு ஏறவில்லை, அமுக்கினாள், ஏறியது. சுருதியும் ஏறியது, மெல்ல, மனசில்லாமல். இதை நினைக்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். பயத்தினால் அல்ல, நன்றியினால். ஏறாமலே போயிருக்கலாம். எத்தனையோ பேருக்கு ஏறாமல் போயிருக்கிறது. செந்தில்வடிவுக்கு ஏறியது. அப்புறம் தீவிர சிகிச்சையில் நாள்கணக்காக மெஷின் மூச்சு, நிமோனியா, காய்ச்சல், எல்லாம் வந்தது, வந்தது போயிற்று. செந்தில்வடிவு பிழைத்துவிட்டாள். பேப்பர்க்காரன் அதைப் போடவில்லை, போகட்டும், ஹெப்சிபா மனசுக்குள் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டாள்.

படிக்கட்டுப் பக்கம் ஒருவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறான், தோளில் துண்டு. பலவேசம். செந்தில்வடிவின் புருஷன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், மனு கொடுத்தவனும் அவன்தான். இவள் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறான். முதலில் அப்படி இல்லை. ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தான், ஹெப்சிபா காலையில் வரும்போதெல்லாம் எழுந்து நின்று ரெண்டு கையையும் கூப்புவான். உங்க ஆண்டவர்ட்டயும் சொல்லுங்க டாக்டரம்மா என்று ஒரே ஒரு நாள் கேட்டான். அவளும் சொன்னாள், அம்மாவும் சொன்னாள், சபையில் பெயர் சொல்லியே ஜெபித்தார்கள், செந்தில்வடிவு என்கிற பெயரைப் பாதிரியார் திக்காமல் சொன்னார். அப்புறம்தான் சர்ஜன் அவனிடம் போய், உம் பொண்டாட்டி வயிறுமுட்டச் சாப்பிட்டுட்டு வந்து பொய் சொல்லிட்டாய்யா, அதான் இவ்வளவும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நின்றது கூப்பின கை. குழாயை எடுத்த அன்று, பெண்டாட்டிக்குப் பேச்சுகூடச் சரியாக வரவில்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டான், 'ஏட்டி, நெசத்தச் சொல்லு, அன்னைக்கு நீ சாப்புட்டியா?' அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், கண்ணீர் காதுக்குள் ஓடியது, இல்லை. அவன் நிமிர்ந்தான். 'எம் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா. நீங்கதான் மருந்தக் கூட்டிப் போட்டுட்டு அவ மேல பழியப் போடுதிய.' மனு பிறந்தது அந்தக் கட்டிலடியில்தான். அவனுக்கும் ஒரு ஸ்தோத்திரம் உண்டு. இவனுடைய இடத்தில் வேறொருவன் இருந்தால் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்திருப்பான், ஆளைக் கூட்டி ரோட்டில் உட்கார்ந்திருப்பான். இவன் உடைக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஹெப்சிபா எங்கே இருந்தாள்? அங்கேதான் இருந்தாள், கட்டிலுக்கு அந்தப் பக்கம், கையில் டார்ச்சோடு. வாயைத் திறந்து அவங்க விரதம்னு சொன்னாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டொக்.

இந்த இடத்துக்கு வந்ததும் மனசு எப்போதும் இடறும். சர்ஜன் கூட்டி வந்த வக்கீல் நேற்று போனில் பாடம் நடத்தினார். டாக்டர், நல்லாக் கேட்டுக்கோங்க, சாப்பிட்டீங்களான்னு கேட்டேன், இல்லைன்னாங்க, இந்த ரெண்டு வாக்கியம் போதும், ரெண்டும் உண்மை, ரெண்டுக்கும் சிஸ்டர் சாட்சி. விரதம் கிரதம்னு வாயைத் திறந்துராதீங்க. திறந்தா அடுத்த கேள்வி என்ன வரும் தெரியுமா, விரதம்னா என்னன்னு விசாரிச்சீங்களா, பால் குடிச்சீங்களா பழம் தின்னீங்களான்னு தனித்தனியாக் கேட்டீங்களான்னு வரும். அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா? இல்லை. அவள் கேட்கவில்லை. அந்தப் பொண்ணுக்கு அன்னைக்குப் பேசினது எதுவும் ஞாபகம் இல்லையாம், அப்புறம் நீங்க எதுக்கு ஞாபகப்படுத்துறீங்க என்றார். நியாயம்தானே? ரெண்டும் உண்மை. பொய் சொல்லச் சொல்லவில்லை, ஒரு வார்த்தையை விட்டுவிடச் சொன்னார். ஜைத்தூன்கூட நீங்க சொல்லுததத்தான் நானும் சொல்லுவேன் என்றுவிட்டாள், சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேறெங்கோ பார்த்தாள். தெரியாதது ஒரு குற்றமா? ஹெப்சிபா சி.எஸ்.ஐ. தெருவில் பிறந்து வளர்ந்தவள், சஷ்டி விரதத்துக்கு என்ன தின்னலாம் என்ன தின்னக்கூடாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் நடந்து முடிந்தபிறகுதான் எதிர்வீட்டு அக்காவிடம் விசாரித்தாள். அந்த அக்கா சிரித்தாள், 'சோறுதாம்மா ஆகாது. பாலும் பழமும் ஒரு சாப்பாடா? அதக் குடிச்சாலும் விரதம் விரதந்தான்.' அப்படியா சங்கதி! எங்கள் வீட்டில் அப்படி இல்லையே. உபவாசம் என்றால் உபவாசம், ஓட்டை உடைசல் கிடையாது. எங்கள் அளவுகோலால் அளந்துவிட்டேன், அது பிசகு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் குற்றமா? இப்படித் தனக்குத்தானே வக்கீலாகிப் பேசிப் பேசி, ராத்திரி பாயிலும் பேசி, காலையில் பல் தேய்க்கும்போதும் பேசி, ஒவ்வொரு தடவையும் கேஸ் ஜெயிக்கிறது, ஜெயித்தபிறகு அந்தத் தலையாட்டல் வருகிறது, காதுக்குள் ஓடுகிற கண்ணீர் வருகிறது. ரெண்டு வாக்கியம் சொன்னால் இவள் பிழைத்துக்கொள்வாள். அவள்? அவள் சாப்பிட்டுவிட்டு இல்லை என்றவளாகிப்போவாள், மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்ட பொய்க்காரி. புருஷன் அப்புறமும் நம்புவானா? நம்புவான், இன்றைக்கு நம்புவான். ஒரு நாள் சண்டையில், குழம்பில் உப்பு கூடின ஒரு நாளில், நீ அன்னைக்கே பொய் சொன்னவதானே என்று வாயில் வந்துவிடும். வராதா? வரும். ஹெப்சிபா கண்ணை மூடினாள். காற்றாடிக்கு ஸ்தோத்திரம், வேப்பமரத்துக்கு ஸ்தோத்திரம் என்று முதலிலிருந்து தொடங்கினாள். எண்ணிக்கை ஓடவில்லை.

டொக் என்றது பெஞ்சு, இவள் அசையாமலே. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் செந்தில்வடிவு உட்கார்ந்திருக்கிறாள். படியேறி வந்த மூச்சு இரைந்தது, கையில் தண்ணீர் பாட்டில், ஆள் பாதியாகிப்போயிருந்தாள், ரவிக்கை தோளில் நிற்கவில்லை. ஹெப்சிபாவின் கண் முதலில் தன் வேலையைப் பார்த்தது, நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது, உதட்டில் நீலம் இல்லை, நகத்தில் நல்ல சிவப்பு. ஐயோ, என்ன அழகான மூச்சு. நன்றி என்று அவள் மனசு யாரையும் கேட்காமல் சொன்னது. புருஷன் படிக்கட்டிலிருந்து முறைத்தான், அங்க எதுக்குப் போய் இருக்க என்கிற முறைப்பு. செந்தில்வடிவு அதைக் கண்டுகொள்ளவில்லை, இருந்தது ஒரே பெஞ்சு, கால் வலிக்கிறவள் உட்காராமல் என்ன செய்வாள். சண்டைக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லையே. நம் ஊரில் பேச்சுக்கு வழி இல்லாத இடத்தில் எல்லோரும் பேசுகிற ஒரு பேச்சு இருக்கிறது, சாவு வீட்டில்கூடக் கேட்பார்கள், கோர்ட்டு வாசலில்கூடக் கேட்பார்கள். செந்தில்வடிவு அதைத்தான் கேட்டாள். குரல் கரகரவென்று வந்தது, குழாய் கிடந்த தொண்டை. 'சாப்பிட்டியளா டாக்டரம்மா?'

'இல்லம்மா,' என்றாள் ஹெப்சிபா. 'இன்னைக்கு எனக்கு உபவாசம்.' யோசிக்காமல் வந்தது. வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பாள். செந்தில்வடிவு திரும்பிப் பார்த்தாள், டீச்சரம்மா பார்வை, பிள்ளை மதியச் சாப்பாட்டை மிச்சம் வைத்தால் பார்க்கிற பார்வை. 'அதுக்காவ? ஒரு காப்பிகூடவா குடிக்காம வந்திய?' காப்பி குடிச்சேம்மா என்று ஹெப்சிபாவின் வாய் பாதி சிரிப்போடு சொல்லிக்கொண்டே போனது, அம்மா பால் விட்டுக் குடுத்தாங்க, ஒரு டம்ளர், என்று சொல்லிக்கொண்டே போய், நின்றது. பால் காப்பி. அடுப்பில் பொங்கின பால். தலையில் அம்மாவின் கை. ரெண்டும் ஒரே நேரத்தில் நடந்தது, உபவாசமும் காப்பியும், ஒன்றை ஒன்று இடிக்கவே இல்லை. வருஷக்கணக்காக அம்மாவின் கடுங்காப்பி, ஆண்டவருக்கும் தெரிந்த அந்த மண்டைவலி. ஓட்டை உடைசல் இல்லாத உபவாசமாம்! பக்கத்தில் செந்தில்வடிவு சிரித்தாள், சமாதானம் சொல்கிற சிரிப்பு. 'காப்பியெல்லாம் எங்க கணக்கு? அது என்ன சாப்பாடா? நீங்க உபவாசந்தான் டாக்டரம்மா, ஆண்டவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.' சொன்னவளின் சிரிப்பு நடுவில் எங்கேயோ சிக்கிக்கொண்டது. கை தொண்டைக்குப் போனது. பெஞ்சு சத்தமே போடவில்லை. ரொம்ப மெதுவாக, கரகரவென்ற அந்தக் குரல் வந்தது.

'அப்போ, பாலும் பழமும்?' என்றாள். 'அது கணக்கா டாக்டரம்மா?'

எத்தனை நாள் இந்தக் கேள்விக்குப் பயந்து கிடந்தாள் ஹெப்சிபா. உள்ளே உட்கார்ந்திருக்கிற மூன்று பேர் கேட்டுவிடக்கூடாது, வக்கீல் கேட்டுவிடக்கூடாது, சொப்பனத்தில்கூட யாரும் கேட்டுவிடக்கூடாது என்று கிடந்தாள். கேட்டவள் இவள். கேட்டதும் பார்த்தால், பயத்தைக் காணோம், அந்த இடத்தில் இந்த மெலிந்த கை மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். 'வயித்துக்குக் கணக்குதாம்மா. முருகனுக்குக் கணக்கில்ல.' செந்தில்வடிவின் கண் நிறைந்தது. 'காலையில சாமி கும்பிட்டுட்டு ஒரு தம்ளரு குடிச்சேன், பழத்தப் பெசஞ்சு. அதுவரைக்கும் தெரியுது, ஆசுபத்திரிக்கு வந்த பொறவு ஒண்ணுமே தெரியல, ஒரே புகையா இருக்கு. நான் உங்ககிட்டச் சொன்னேனா, மறைச்சேனா, அதுகூடத் தெரியல டாக்டரம்மா. இவுகட்ட இல்லன்னு தலைய ஆட்டுனேன். ஆட்டிட்டு நாந்தான் பொய் சொல்லிட்டனோ, நாந்தான் பொய் சொல்லிட்டனோன்னு ராவெல்லாம் கெடந்து பொரளுதேன்.' ஹெப்சிபா அந்தக் கையை விடவில்லை. இவளும் பாயில் புரண்டாளா? ஒரே ஊரில், ஒரே ராத்திரியில், ரெண்டு பெண்கள், ஒரு வார்த்தையைத் தேடி. அதுவோ ஹெப்சிபாவின் கையில் இருந்தது, பத்திரமாக மூடி வைத்துக்கொண்டு தன் பாயில் புரண்டாள். ச்சே. 'நீங்க சொன்னீங்கம்மா,' என்றாள், படிக்கட்டு வரை கேட்கிற மாதிரி. 'இன்னைக்குச் சஷ்டி, விரதம்னு எங்கிட்டச் சொன்னீங்க. மறைக்கல. நான்தான் அதுக்கு மேல கேக்கல. அன்னைக்கு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துலயே இதச் சொல்லியிருக்கணும். சொல்லல. என்ன மன்னிச்சிருங்க.' செந்தில்வடிவு இவளைப் பார்க்கவே இல்லை. புருஷன் பக்கம் திரும்பி, உடைந்த குரலை எட்டின மட்டும் தூக்கி, 'கேட்டியளா? நான் சொல்லியிருக்கேன். கேட்டியளா?' என்றாள். பரிசு வாங்கின பிள்ளை மாதிரி முகம். பலவேசம் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான், மூக்கை உறிஞ்சினான். 'சரி சரி, கேட்டுச்சு,' என்றான். 'அழுவாத ஏட்டி, தொண்டை கட்டிக்கிடும்.'

கதவு திறந்தது. சர்ஜன் வேர்த்து வெளியே வந்தார், பின்னாலேயே பியூன் தலையை நீட்டி, டாக்டர் ஹெப்சிபா ஞானதுரை என்று கூப்பிட்டார். அவள் எழுந்தாள், பெஞ்சு டொக் என்றது. செந்தில்வடிவு பாட்டிலை நீட்டினாள், 'ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க, தொண்டை காஞ்சிரும்.' அம்மா சொன்ன அதே வார்த்தை. ஹெப்சிபா வாங்கி அண்ணாந்து குடித்தாள், உபவாசமாவது ஒன்றாவது, அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கின குளிர்ச்சியை அவள் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை. பெஞ்சுப் பக்கம் வந்திருந்த பலவேசம் ஒதுங்கி வழிவிட்டான். கையைக் கூப்பவில்லை, ஆனால் கண்ணைத் திருப்பவும் இல்லை. அது போதும், அதுவே ஏராளம். உள்ளே நீள மேசை, மூன்று பேர், ஓரமாக வக்கீல், ரெண்டு விரலை மேசைமேல் வைத்து ஞாபகப்படுத்துகிறார், ரெண்டு வாக்கியம். பதிவு போனாலும் போகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டோம் என்பதைக் கவனித்தாள். நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். 'மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னால, சாப்பிட்டாங்களான்னு நோயாளிகிட்டக் கேட்டீங்களா டாக்டர்?'

'கேட்டேன் சார்,' என்றாள் ஹெப்சிபா. 'அவங்க உண்மையத்தான் சொன்னாங்க. அன்னைக்குச் சஷ்டி.'